பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

உழவு முடிந்ததும் உழவு இயந்திரத்தைக் கழுவி, டீசல் தோய்ந்த துணியால் ரயர்களைத் துடைத்துக் கறுப்பாக்குவது நம்மிடையே உள்ள வழக்கம். பார்வைக்கு அழகுதான். ஆனால் டீசல், மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் ஆகியவை இறப்பரை ஊதச் செய்து பலவீனப்படுத்தும். அந்த ரயர்களை நம்பித்தான் நெல் மூடைகளையும், சிலவேளை பிள்ளைகளையும் பெட்டியில் ஏற்றுகிறோம்.

ரயர் செய்யும்போதே அதில் கரித்தூளும் மெழுகும் கலக்கப்படுகின்றன. கரித்தூள் வெயிலைத் தாங்கும். சக்கரம் உருளும்போது மெழுகு மெல்ல மேற்பரப்புக்கு வந்து வெடிப்பைத் தடுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் வெயிலில் நிற்கும் ரயர் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே முதல் மருந்து நிழல்; ஒரு கிடுகுக் கொட்டில் போதும். ரயர்ப் பூச்சு வாங்குவதாயின், பெற்றோலிய எண்ணெய் சேராத, தண்ணீர் கலந்து செய்த வகையைக் கேட்போம். அதையும் பக்கங்களில் மட்டுமே பூச வேண்டும். நிலத்தில் படும் பகுதியில் பூசினால் வழுக்கும்.

கடையில் "பொலிஷ்" என்றால் இரு வேறு பொருள்களைத் தருவார்கள். கட்டிங் பொலிஷ் பெயின்றையே தேய்த்தெடுக்கும். மங்கிய பெயின்றுக்கு எப்போதாவது ஒருமுறை போதும். மேலே படலமாக நின்று காப்பது மெழுகுதான். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தூள் அந்த மெழுகைக் கழற்றிவிடும். பசளை ஏற்றினால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இரும்பு தெரியும் இடத்தில் மெழுகு உதவாது. துருவைச் சுரண்டி, பிறைமர் பூசிய பின்னரே பெயின்ற்.