நல்ல கொழுப்புச் சுமக்கும் காவல்காரன்

மருந்தடிக்கிறவரிடம் கவனமாக இருங்கள் என்று சொன்னால், "இருவது வருசமா அடிக்கிறன், எனக்கு ஒண்டும் ஆகல்ல" என்று பதில் வரும். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருடைய உடம்பு வேறு, பக்கத்தில் நிற்பவருடைய உடம்பு வேறு. கந்தளாய், மூதூர் வயல்களில் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களும், மலையகத் தோட்டங்களில் இருக்கும் நமது உறவினர்களும் இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரத்தத்தில் 'நல்ல கொலஸ்ட்ரோல்' இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தன்னோடு ஒரு நொதியத்தையும் சுமந்து திரிகிறது. ஈரலில் உண்டாகும் அதன் பெயர் பரஒக்சனேஸ். பரதியோன் என்ற கிருமிநாசினி உடம்புக்குள் போனதும் பரஒக்சன் என்னும் கடும் நஞ்சாக மாறும். அதை உடைப்பதால்தான் இந்தப் பெயர். இலங்கையில் பரதியோன் 1984இல் தடை செய்யப்பட்டது. இந்த நொதியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கெட்ட கொலஸ்ட்ரோல் பழுதடைந்து இரத்தக் குழாயில் படிவதை இது தடுக்கிறது என்பதை 1991இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த நொதியத்தை உண்டாக்கும் பரம்பரை அலகு 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு கிடைக்கின்றன. நொதியத்தின் 192ஆம் இடத்தில் சிலருக்குக் குளுட்டமின், சிலருக்கு ஆர்ஜினீன் என்ற அமினோ அமிலம் வரும். ஆர்ஜினீன் வகை பரஒக்சனை வேகமாக உடைக்கும். சரின் என்ற நஞ்சை உடைப்பதில் குளுட்டமின் வகையே வேகமானது. ஆகவே ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று சொல்ல முடியாது.

வகை மட்டுமல்ல, அளவும் முக்கியம். ஒரே வகை உள்ள இருவரில்கூட ஒருவருக்கு நொதியம் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு இது மிகக் குறைவு. புகைபிடித்தால் இதன் வேலை குறையும்.

நம் உடம்பில் எவ்வளவு காவல் இருக்கிறது என்பது வெளியில் பார்த்துத் தெரியாது. அதோடு, நஞ்சு அதிகமாகப் போனால் எந்தக் காவல்காரனும் தாங்கமாட்டான். ஆகையால் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்:

1. கையுறை, நீள்சட்டை, முகமூடி இல்லாமல் மருந்தடிக்க வேண்டாம். காற்றுக்கு எதிராக நின்று அடிக்க வேண்டாம்.
2. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பை வேறாகக் கழுவுங்கள்.
3. எச்சில் வடிதல், அதிக வியர்வை, மங்கலான பார்வை, தசைத் துடிப்பு, மூச்சுமுட்டு கண்டால் "கொஞ்சம் படுத்தாச் சரியாப் போகும்" என்று இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் டொக்டருக்குச் சிகிச்சை செய்வது சுலபம்.

ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மற்றவருக்கு உத்தரவாதம் அல்ல.