இயற்கை முறைத் திராட்சைச் சாகுபடி: பிரான்சு தேசத்துத் தோட்டம் ஒன்று தரும் படிப்பினை

சாகுபடிச் செலவைக் குறைக்க விரும்புவது நிலமுடையோர் யாவர்க்கும் இயல்பே. ஆயினும், இன்று மிச்சமாகும் பணம் நாளை நிலத்தின் வளத்தையே குறைக்குமாயின் அது சிக்கனமாகாது. இவ்வுண்மையைத் தம் நிலத்திலேயே கண்டு, தாம் செய்த பிழையை ஒளியாது கூறி, முறையை மாற்றிக்கொண்டவர் பிரான்சு தேசத்து நிக்கோலா ஜோலி என்பவர். அவர் செய்வது திராட்சை பயிரிட்டு மது ஆக்கும் தொழில். மதுவைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர் மண்ணைப் பேணிய விதமே நாம் கவனிக்கத்தக்கது.

தோட்டத்தின் இடமும் வரலாறும்

பிரான்சின் மேற்குப் பாகத்தில், ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கே, லுவார் நதியின் வடகரையில் சவெனியேர் என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்த சரிவான குன்றின்மேல் அமைந்ததே கூலே டி செரான் என்னும் தோட்டம். இதன் பரப்பு சுமார் 7 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 17 ஏக்கர். சிஸ்டெர்சியன் துறவிகள் 1130-ஆம் ஆண்டில் இங்கே கொடிகளை நட்டனர் என்பர். ஏடுபோற் பிளவுறும் பாறை மக்கி உண்டான மேலோட்டமான மண்ணில், ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை ஒன்றே பயிராகின்றது.

களைக்கொல்லியால் நேர்ந்த கேடு

ஜோலி முதலில் வங்கித் தொழிலில் இருந்தவர். 1977-ஆம் ஆண்டில் அதனை விட்டு, தம் தாயார் நடத்திவந்த இத்தோட்டத்திற்குத் திரும்பினார். தாயாரின் முறை நன்றேயாயினும் பழமையானது என்றும், களைக்கொல்லியைத் தெளித்தால் 14,000 பிராங்கு மிச்சமாகும் என்றும் ஆலோசகர் ஒருவர் கூறினாராம். ஜோலியும் அவ்வாறே செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணின் நிறம் மாறிற்று. பயிருக்கு நன்மை செய்யும் பொறிவண்டு முதலிய பூச்சிகள் மறைந்தன. தோட்டத்தில் திரிந்த கௌதாரிகளும் காணப்படவில்லை. இவற்றை ஜோலியே பலமுறை கூறியுள்ளார்.

இதன் காரணம் அறிதற்கரியதன்று. புல்லும் பூண்டும் அற்றுப்போன மண்ணில் மண்புழுவிற்கும் நுண்ணுயிர்களுக்கும் உணவில்லை. வேர்களின் பிடிப்பின்மையால் சரிவிலுள்ள மேல்மண்ணை மழை நீர் அரித்துச் செல்லும். நிலம் இறுகுவதால் நீர் உட்புகுவதும் குறையும்.

முறையை மாற்றியது

இச்சமயத்தில், ருடால்ப் ஸ்டைனர் என்பார் 1924-ஆம் ஆண்டில் செய்த விவசாயச் சொற்பொழிவுகளினின்று தோன்றிய சாகுபடி முறையைப் பற்றிய நூலொன்று ஜோலியின் கைக்குக் கிட்டிற்று. அவர் உடனே தோட்டம் முழுவதையும் மாற்றிவிடவில்லை. முதலில் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, பின்னரே 1984-ஆம் ஆண்டில் நிலம் முழுவதிலும் இம்முறையைக் கையாண்டார்.

இத்தோட்டத்தைப் பார்வையிடுவோர் காண்பன பெரும்பாலும் நமக்குப் புதியனவல்ல. எருவிற்காகப் பசுக்கள் வளர்க்கப்படுகின்றன. குளிர்காலத்தில் ஆடுகள் கொடிகளினிடையே புல் மேய்கின்றன. செங்குத்தான பகுதிகளில் குதிரை கொண்டு உழுகின்றனர். இரசாயன உரமும் களைக்கொல்லியும் இடுவதில்லை.

புதுமையாகத் தோன்றுவது கொம்பு எரு. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணிற் புதைத்து வைப்பர். வசந்தகாலத்தில் எடுத்து, ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் வீதம் நீரிற் கலந்து, ஒருமணி நேரம் நன்றாய்க் கலக்கி, மாலையில் நிலத்தின்மேல் தெளிப்பர். இதற்கெனத் தனிப்பட்ட பலன் உண்டென்று விஞ்ஞான சோதனைகளால் இதுவரை ஐயமற நிறுவப்படவில்லை. மக்கிய எரு, நிலப்போர்வை, களைக்கொல்லியை விலக்குதல் ஆகியவற்றால் வரும் நன்மையோ யாவரும் ஒப்புவதாகும். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

நோய்த் தடுப்பு

இயற்கை முறையென்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று எண்ணலாகாது. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையும், சாம்பல் நோய்க்குக் கந்தகமும் இம்முறையில் அனுமதிக்கப்பட்டவை. நம் நாட்டிலும் வழங்கும் போர்டோக் கலவை, 1885-ஆம் ஆண்டில் மில்லார்டே என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் வெளியிட்டதே. ஆனால் செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்து மண்புழுக்களுக்குத் தீங்கு செய்யும். ஆகையால் ஐரோப்பிய ஒன்றியம், 2019-ஆம் ஆண்டு முதல், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேற்படாமல் தெளிக்க வேண்டுமென விதித்துள்ளது.

அறுவடையும் வரவும்

பழங்களை ஒரே முறையில் பறிப்பதில்லை. மூன்று நான்கு வாரங்களில் ஐந்து முறை வரை தோட்டத்தைச் சுற்றி, நன்கு பழுத்த குலைகளை மட்டும் பறிப்பர். புளிப்பேறுவதற்கு வெளி ஈஸ்ட்டைச் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் பாதாள அறையிலும் உள்ள ஈஸ்ட்டே போதும் என்பது அவர் கொள்கை.

விளைச்சல் குறைவே. ஹெக்டேருக்குச் சுமார் 2,000 முதல் 2,500 லிட்டர் மட்டுமே கிடைக்கும். பிரான்சின் வேறு பல தோட்டங்களில் இதற்கு இருமடங்கு எடுப்பர். இத்தோட்டத்தின் பெயரே தனி ஊர்ப்பெயர் முத்திரையாகச் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டிருப்பதாலும், சரக்கின் உயர்ந்த விலையாலும் அக்குறைவு ஈடாகின்றது. அத்தகைய சந்தையில்லாதவர் இக்கணக்கை மறந்து அவரைப் பின்பற்றலாகாது. அண்மைக் காலமாக ஜோலியின் மகள் விர்ஜினி தோட்டத்தின் பொறுப்பை ஏற்று நடத்திவருகின்றார்.

நாம் கொள்ளத்தக்கவை

1. களையெடுக்கும் கூலியில் மிச்சமாவதைக் கணக்கிடும்போது, மண் இறுகுவதாலும் மேல்மண் அரிக்கப்படுவதாலும் நேரும் நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கிடுக.

2. எப்புது முறையையும் முதலில் சிறு பகுதியில் இரண்டு மூன்று போகம் சோதித்த பின்னரே விரிவாக்குக. பக்கத்தில் பழைய முறையில் ஒரு துண்டு நிலம் விட்டு இரண்டையும் ஒப்பிடுக.

3. சோதனை நிலத்தில் மண்ணின் நிறம், மண்புழு, நன்மை செய்யும் பூச்சி ஆகியவற்றைப் பருவந்தோறும் குறித்து வருக. ஜோலிக்கு முதல் எச்சரிக்கை தந்தவை இவையே; விளைச்சற் கணக்கு அன்று.

4. எருவிற்கு வேண்டிய கால்நடையும் விளைபொருளுக்கேற்ற சந்தையும் உண்டாவென ஆராய்ந்து இறங்குக.

கிராம அதிகாரிகள் இத்தகைய சோதனை நிலங்களை அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் நேரில் காணும்படி செய்வாராயின், பல சொற்பொழிவுகளினும் அதிகப் பயன் விளையும்.