கடைசல் வேலையைப் படம் பிடிப்போம்



கட்டில் கால் கடையும் பாஸ் ஒருவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? உளிப் பிடியைக் கொஞ்சம் உயர்த்துவார். சீவல் சுருள் சுருளாக வரும். அளவு மீறினால் உளி மரத்தில் கொத்திக்கொள்ளும், கட்டையே தெறித்தாலும் தெறிக்கும். இந்த அளவு பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் பொடியன்மார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். பார்க்க ஆளில்லை. பாஸுக்கும் வயதாகிறது. படமாவது எடுத்து வைப்போம் என்று நாங்கள் ஒரு பட்டறைக்குப் போனோம்.

முதல் நாள் எடுத்த படம் உதவவில்லை. முழுக்க பாஸின் முதுகும் மெசின் இரைச்சலும்தான்! உளி வாய் ஓரிடத்திலும் தெரியவில்லை. அதில் படித்த பாடங்கள் இவை.

1. கமராவை எங்கே வைப்பது?

சுழலும் கட்டைக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. கட்டை பிளந்தால் அந்தப் பக்கம்தான் பறக்கும். ஆளும் அங்கே நிற்கக் கூடாது. மோட்டார் இல்லாத முனைக்கு அப்பால், உளி வைக்கும் தாங்கியை விடச் சற்று உயரத்தில், ஐந்தடி தள்ளி வையுங்கள். சூம் பண்ணிக் கிட்டத்தில் எடுக்கலாம். முக்காலி மெசின் மேசையில் பட்டால் படம் நடுங்கும். முக்காலியில் கல் போட்ட பையொன்றைத் தொங்க விட்டால் ஆடாது. வயர் பாஸின் காலடியில் கிடக்கக் கூடாது. படம் எடுப்பவரும் தொங்கும் சால்வை, அவிழ்ந்த தலைமயிரோடு மெசின் பக்கம் போகக் கூடாது.

2. வெளிச்சம்

யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அப்போதுதான் மரத்தின் பள்ளம் மேடு தெரியும். பாஸுக்குப் பின்னால் யன்னல் இருந்தால் அவர் கறுப்பாகத்தான் விழுவார்.

3. படம் பொய் சொல்லும்!

கட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் விநாடிக்கு 25 சுற்று. கமராவும் விநாடிக்கு 25 படம் எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் கட்டை அதே நிலையில் இருக்கும். ஓடுகிற கட்டை நிற்பது போலத் தெரியும்! நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள். ஆகவே பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். அதன் கீழே சதுரக் கட்டை ஓடினால், அந்த வேகத்தில் நேரில் பார்க்கும் கண்ணும் ஏமாறலாம். நிற்கிறது என்று கை வைத்தால் என்னாகும்? பகல் வெளிச்சத்தில் எடுங்கள். லைட் போடத்தான் வேண்டுமென்றால் கமராவில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். படத்தில் பட்டை பட்டையாக ஓடுவது குறையும். கட்டை நிற்பது போல விழுந்த பகுதியை மட்டும் வேறு வேகத்தில் திரும்ப எடுங்கள்.

4. தூசும் சத்தமும்

பறக்கும் சீவலைக் கண்டு கமராவின் குறி மாறும். போனில் எடுத்தால், உளி படும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துக் குறியைப் பூட்டுங்கள். கண்ணாடியில் படிந்த தூளைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். விளக்கத்தை மெசினை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஆனால் உளி சீவும் சத்தத்தையும் பதியுங்கள். நன்றாகச் சீவுவதற்கு ஒரு சத்தம், சுரண்டுவதற்கு வேறு சத்தம். அதுவும் பாடம்தான்.

5. பாஸைக் கூப்பிடாதீர்கள்

மெசின் ஓடும்போது "இங்கே பாருங்கள்" என்று சொல்லவே வேண்டாம். அவர் கண் உளியில்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி: ஒரு நிமிடம் மட்டும் எடுங்கள். கடைசல் தெரியாத ஒருவருக்குக் காட்டி, "உளி எங்கே தொடுகிறது?" என்று கேளுங்கள். அவர் சரியாகக் காட்டினால் கமரா சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு பாஸுக்கும் போட்டுக் காட்டுங்கள். இரண்டாம் நாள் நாங்கள் காட்டியபோது அவர் பார்த்துவிட்டு, "தம்பி, என் இடது கை விழவில்லையே. உளியை நடத்துவது அதுதானே" என்றார். மூன்றாம் முறையும் போய் எடுத்தோம்.