காலை வேளையில் எஞ்சினின் ஐட்லிங் மாறுவது ஏன்?

விடியற்காலையில் பால் கேனை ஏற்றிக்கொண்டு புறப்படும் நேரத்தில் மோட்டார் சைக்கிள் தகராறு செய்யும். உதைத்தவுடன் ஓடும், கையை விட்டால் அணைந்துவிடும். சிறிது நேரம் சென்றபின் தானாகவே வேகமாக உறுமும். கார்புரேட்டர் பழுது என்று எண்ணிச் சிலர் உடனே திருகாணியைத் திருகிவிடுகின்றனர். அதனால் பகலில் வேறொரு தொல்லை வந்து சேருகிறது. பெரும்பாலும் இது பழுதன்று. குளிர்ந்த எஞ்சினின் இயல்பே ஆகும். இதைத் தெரிந்துகொண்டால் பெட்ரோலும் மெக்கானிக் கூலியும் மிச்சமாகும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் ஓர் உயிராபத்தையும் தவிர்க்கலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் புல்லட் மோட்டார் சைக்கிளுக்குப் பெயர்போன திருவொற்றியூர் வரும். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. அங்கே உருவான பழைய புல்லட் வண்டிகளில் கிக்கர், சோக், கார்புரேட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். எனவே இந்தப் பாடத்துக்கு அவை நல்ல எடுத்துக்காட்டு. சோக்கும் கார்புரேட்டரும் உள்ள மற்ற நான்கு வீச்சு வண்டிகளுக்கும் இதே விதிதான்.

ஐட்லிங் என்றால் என்ன?

ஆக்சிலேட்டரைத் திருகாமல், கியர் போடாமல் எஞ்சின் தானாக ஓடும் மெதுவான ஓட்டமே ஐட்லிங். 100 சி.சி. வண்டிகளில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று. பழைய புல்லட்டில் இதைவிடக் குறைவு.

குளிர்ந்தபோது தடுமாறுவது ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது பெட்ரோல். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் சரியான அளவு கொடுத்தும் பிளக்கை அடையும் கலவையில் பெட்ரோல் ஆவி போதாது. சோக் போட்டால் கலவையில் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அந்தக் குறை ஈடாகும்.

இரண்டாவது ஆயில். இரவு முழுவதும் ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும். பிஸ்டனும் கிளட்ச்சும் அதை இழுத்துக்கொண்டு நகர வேண்டும். சூடேறியபின் ஆயில் இளகும், உராய்வு குறையும். அதே திறப்பில் எஞ்சின் கூடுதல் வேகம் எடுக்கும். காலையில் மெதுவாக ஓடிய வண்டி பிறகு உறுமுவது இதனால்தான்.

செய்ய வேண்டிய முறை

1. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் போட்டு, ஆக்சிலேட்டரைத் திருகாமல் உதைக்கவும். வெயில் நேரத்திலும் சற்று முன் ஓடிய எஞ்சினுக்கும் சோக் வேண்டாம்.

2. எஞ்சின் பிடித்தவுடன் ரேசிங் செய்யக் கூடாது. ஆயில் மேலேறி வால்வுப் பகுதிக்குச் சென்று சேரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் முறுக்கினால் தேய்மானம் மிகும்.

3. சமவெளியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போதும். சோக்கை எடுத்தும் எஞ்சின் அணையாமல் நின்றால் புறப்படலாம். முதல் 2 கிலோமீட்டர் நிதானமாகச் செல்லவும். எஞ்சின் நின்ற இடத்தைவிட ஓட்டத்தில்தான் விரைவாகவும் சீராகவும் சூடேறும்.

4. சோக்கை எடுக்க மறந்தால் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும்; பிஸ்டன் ரிங் விரைவில் தேயும்.

ஊட்டி போன்ற மலைப் பகுதியில் குளிர் மிகுதி. சோக் சற்று அதிக நேரம் தேவைப்படும். ஆனால் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே தேவைக்கு மேல் பெட்ரோல் கொடுக்கும். எஞ்சின் சூடேறியதும் சோக்கை எடுத்துவிடுவது மலையில் இன்னும் முக்கியம்.

ஐட்லிங்கைத் திருத்தும் நேரம்

குளிர்ந்த எஞ்சினில் ஒருபோதும் திருகாணியைத் தொடக் கூடாது. 5 கிலோமீட்டராவது ஓட்டிவந்து, சோக் எடுத்த நிலையில் திருத்த வேண்டும். முதலில் ஐட்லிங் திருகாணியால் எஞ்சினைச் சற்று வேகமாக ஓட விடவும். பிறகு கலவைத் திருகாணியை மெதுவாக இருபுறமும் திருகி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தவும். கடைசியில் ஐட்லிங் திருகாணியால் வேகத்தைக் குறைக்கவும். புகைப் பரிசோதனையும் ஐட்லிங் ஓட்டத்தில்தான் நடைபெறுகிறது. எனவே சூடான வண்டியையே அங்கே நிறுத்த வேண்டும்.

பழுது எது, இயல்பு எது?

சூடேறியபின் ஐட்லிங் சற்றுக் கூடி ஓரிடத்தில் நிலைத்தால் அது இயல்பு. கூடிக்கொண்டே போனாலும், ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் இறங்கத் தாமதமானாலும், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்று கசியலாம். அங்குள்ள ரப்பரில் வெடிப்பு உள்ளதா, நட்டு தளர்ந்துள்ளதா என்று பார்க்கவும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வேகம் மாறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் உண்மை தெரியும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் காற்று அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் எரிகிறது. காலையில் சைலன்சரில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. அதற்கு அஞ்ச வேண்டாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி உள்ளது. எஞ்சினின் சூட்டை உணர்ந்து அதுவே பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இவ்வண்டிகள் காலையில் சற்று வேகமாக ஓடிப் பிறகு தணியும். அது பழுதன்று.

மண்ணெண்ணெய் பம்புசெட்

மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடச் சிரமப்பட்டே ஆவியாகும். ஆகவே மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, 3 முதல் 5 நிமிடம் ஓட்டிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டினால் மறுநாள் எளிதில் கிளம்பும்.

கிணற்றுக்குள் எஞ்சின் வேண்டாம்

சோக் போட்டு ஓடும் குளிர்ந்த எஞ்சின்தான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை மிகுதியாகக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பம்புசெட்டைக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டினால் இவ்வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி ஏற்பட்டு இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே பயன்படாது. ஆளைக் கொல்லும் அளவு இவ்வாயு இருக்கும்போதும் விளக்கு எரியும். போதாக்குறைக்குப் பெட்ரோல் ஆவியும் தீப்பற்றலாம். எஞ்சினை மேலேயே வைக்கவும்; கிணறு ஆழமானால் அதற்கேற்ற பம்பைப் பயன்படுத்தவும். கதவடைத்த கொட்டகையிலும் எஞ்சினை ஓட விடக் கூடாது. யாரேனும் உள்ளே மயங்கினால் பின்தொடர்ந்து இறங்காமல், தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும் ஆம்புலன்ஸை 108 என்ற எண்ணிலும் உடனே அழைக்க வேண்டும்.