தூரமும் இடப்பெயர்ச்சியும்

தரம் 10 விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் என்னும் அலகைத் தொடங்கும்போது முதலில் எம் முன்னே வந்து நிற்பவை இரண்டு சொற்கள். ஒன்று தூரம், மற்றையது இடப்பெயர்ச்சி. இரண்டையும் மீற்றரிலேயே அளக்கிறோம். ஆகவே இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இந்த மயக்கம் இங்கேயே நின்றுவிடுவதில்லை. கதி, வேகம், ஆர்முடுகல் என அடுத்து வரும் பாடங்கள் எல்லாவற்றிலும் கூடவே வந்து, பரீட்சையில் புள்ளிகளைக் குறைத்துவிடுகிறது. எனவே இவ்விரண்டையும் ஆரம்பத்திலேயே பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

பொருளொன்று இயங்கிச் சென்ற பாதையின் முழு நீளமே தூரம். பாதை எத்தனை முறை வளைந்தாலும், வந்த வழியே திரும்பினாலும் நடந்த நீளமெல்லாம் கூட்டப்படும். இடப்பெயர்ச்சி பாதையைப் பார்ப்பதில்லை. தொடங்கிய புள்ளி எது, முடிந்த புள்ளி எது என்பதை மட்டுமே அது கேட்கும். அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டின் நீளமும், தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கிய திசையும் சேர்ந்ததே இடப்பெயர்ச்சி. தூரத்துக்குப் பருமன் மட்டும் போதும். அது எண்ணிக் கணியம். இடப்பெயர்ச்சிக்குப் பருமனும் திசையும் வேண்டும். அது காவிக் கணியம்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். மாணவி ஒருத்தி வகுப்பறையிலிருந்து கிழக்கே 30 மீற்றர் நடந்து, பின்னர் வடக்கே திரும்பி 40 மீற்றர் நடந்து நூலகத்தை அடைகிறாள். அவள் நடந்த தூரம் 30 + 40 = 70 மீற்றர். இடப்பெயர்ச்சியைக் காண, இரு பாதைகளையும் செங்கோண முக்கோணியொன்றின் பக்கங்களாகக் கொள்ள வேண்டும். பைதகரசின் தேற்றப்படி செம்பக்கத்தின் நீளம் 50 மீற்றர். ஆகவே இடப்பெயர்ச்சி, கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகை சாய்ந்த திசையில் 50 மீற்றர். இந்நடைக்கு 100 செக்கன் எடுத்திருந்தால், சராசரிக் கதி செக்கனுக்கு 0.7 மீற்றர், சராசரி வேகத்தின் பருமன் செக்கனுக்கு 0.5 மீற்றர். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வேகம். முதலாவது வேறுபாட்டை விளங்கிக்கொண்டவருக்கு இரண்டாவது தானாகவே விளங்கும்.

எமது நாட்டின் மலையகப் புகையிரதப் பாதை இதற்கு அழகான சான்று. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை தண்டவாளத்தின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். தேசப்படத்தில் இரு நகரங்களையும் அடிமட்டத்தால் இணைத்துப் பார்த்தால், பதுளை கொழும்புக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே 130 கிலோமீற்றர் அளவிலேயே இருக்கிறது. புகையிரதத்தால் செங்குத்தாக மலையேற முடியாது. ஆகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுகிறது. தூரம் இரு மடங்குக்கும் கூடுதலானது அதனால்தான். தெமோதரையில் இன்னுமொரு புதுமை உண்டு. நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் புகையிரதம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினூடாகச் செல்கிறது. அந்தக் கணத்தில் அது ஒரு முழு வளையத்தின் தூரத்தை ஓடி முடித்திருக்கும். அதன் இடப்பெயர்ச்சியோ நிலைக்குத்தாகக் கீழ்நோக்கிய சிறு நீளம் மாத்திரமே.

ஹஜ், உம்ரா கிரியைகளிலும் இப்பாடத்தைக் காணலாம். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை செல்வது ஸஃயு. ஸபாவில் தொடங்கி மர்வாவை அடைந்தால் ஒன்று. மீண்டும் ஸபாவுக்கு வந்தால் இரண்டு. இரு குன்றுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒரு பங்கு எனக் கொள்வோம். ஆறாவது தடவை முடியும்போது தூரம் ஆறு பங்கு. நிற்பதோ ஸபாவில், ஆகவே இடப்பெயர்ச்சி பூச்சியம். ஏழாவது தடவை மர்வாவில் நிறைவுறும். அப்போது தூரம் ஏழு பங்கு; இடப்பெயர்ச்சி ஸபாவிலிருந்து மர்வா நோக்கி ஒரு பங்கு. தூரம் ஒருபோதும் குறைவதில்லை, இடப்பெயர்ச்சி கூடலாம், குறையலாம், பூச்சியமாகவும் ஆகலாம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பாலகர் இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி அங்குமிங்கும் ஓடிய அன்னை ஹாஜரா அவர்களின் ஓட்டத்தை இடப்பெயர்ச்சியால் மட்டும் அளந்தால் அவரது உழைப்பில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

அப்படியானால் இடப்பெயர்ச்சியால் என்ன பயன்? கடலில் இயந்திரம் பழுதான படகொன்று, “கரையிலிருந்து 10 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறோம்” என்று மட்டும் அறிவித்தால், தேடிச் செல்பவர்கள் 10 கிலோமீற்றர் ஆரையுள்ள வில்லொன்றின் வழியே அலைய வேண்டும். “துறைமுகத்திலிருந்து வடமேற்கே 10 கிலோமீற்றர்” என்றால் தேட வேண்டியது ஒரே ஓரிடம். திசையைச் சேர்த்துச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை உயிர்களைக் காக்கும்.

எம்மவருக்கு இச்சொல் பாடநூலுக்கு வெளியேயும் பழக்கமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் ஏறத்தாழத் தெற்கே 180 கிலோமீற்றர். இது இடப்பெயர்ச்சி. அவர்கள் நடந்தும் வாகனங்களிலும் சுற்றி வந்த வழி அதைவிட மிக நீண்டது. பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பிச் சென்று பழைய வீட்டு வாசலில் நின்ற ஒருவரின் இடப்பெயர்ச்சி, பௌதிகவியலின் கணக்கில் பூச்சியம். ஆனால் அவர் கடந்து வந்த தூரம் பூச்சியமாகாது. ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை இடப்பெயர்ச்சி சொல்லும். எவ்வளவைக் கடந்து அங்கே வந்தார் என்பதைத் தூரம்தான் சொல்லும்.

பரீட்சைக்குத் தயாராகும் தங்கையர் மூன்று விடயங்களை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இடப்பெயர்ச்சியின் பருமன் ஒருபோதும் தூரத்தைவிடக் கூடாது. பொருள் திரும்பாமல் நேர்கோட்டில் ஒரே திசையில் சென்றால் மட்டுமே இரண்டும் சமம். இடப்பெயர்ச்சியைக் கேட்டால் திசையை எழுத மறவாதீர்கள். திசையில்லாத விடை பாதி விடையே.

இனி இதைச் செய்து பாருங்கள். 7 மீற்றர் ஆரையுள்ள வட்டப் பாதையில் ஒருத்தி வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை அரைச் சுற்று நடக்கிறாள். தூரம் 22 மீற்றர். இடப்பெயர்ச்சி தெற்கே 14 மீற்றர். அவள் ஒன்றரைச் சுற்று நடந்திருந்தால் விடைகளில் எது மாறும், எது மாறாது? இதற்கு விடை கண்டவர் இப்பாடத்தை விளங்கிக்கொண்டவர்.