பிரஷர் மாத்திரையும் நுரையீரல் புற்றுநோயும்



சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உறுப்பினர் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடம் பால் மரம் சீவியவர். பிறகு உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியவர்.

“ஐயா, பிரஷர் மாத்திரை சாப்பிட்டா நுரையீரல்ல கேன்சர் வருமாமே? என் மவன் போன்ல காட்டினான். மூணு வாரமா நான் மாத்திரையத் தொடவே இல்லீங்க. டின்னுல போட்டு மூடி வச்சிட்டேன்.”

கையோடு கொண்டுபோயிருந்த கருவியைக் கட்டிப் பார்த்தேன். மேல் எண் 190, கீழ் எண் 110. அந்த அம்மாவுக்குத் தலைவலி கூட இல்லை. அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. பத்துப் பெரியவர்களில் மூன்று பேருக்கு இந்த நாட்டில் இரத்தக் கொதிப்பு இருக்கிறது. பல பேருக்கு அது இருப்பதே தெரியாது.

அவர் கேட்ட கேள்வி வெறும் வதந்தி என்று தள்ளிவிடக் கூடியது அல்ல. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, நிறைய பயமும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் எந்த மாத்திரை என்று தெரிய வேண்டும். பிரஷருக்குக் கொடுப்பது எல்லாம் ஒரே மருந்து இல்லை. பேச்சு எழுந்தது பெயரின் கடைசியில் ‘ப்ரில்’ என்று முடியும் மாத்திரைகளைப் பற்றி: கேப்டோப்ரில், எனலாப்ரில், பெரிண்டோப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில். அம்லோடிபின் இந்த வகை இல்லை. லோசார்ட்டன், தெல்மிசார்ட்டன் என்று ‘சார்ட்டன்’ என முடிபவை இன்னொரு வகை. உங்கள் மாத்திரை அட்டையை எடுத்து, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த ‘ப்ரில்’ மாத்திரையின் பிறப்பே ஒரு கதை. நம் பால் மரத்துக்குப் பூர்வீகம் பிரேசில் நாடு அல்லவா? இந்த மாத்திரைக்கும் வழி காட்டியது அதே பிரேசில்தான். அங்கே ஜராராக்கா என்று ஒரு விஷப் பாம்பு உண்டு. அது கடித்தால் கடிபட்டவரின் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி அந்த விஷத்தை ஆராய்ந்தார். அந்த வழியில் போய்க் கண்டுபிடித்த முதல் மாத்திரைதான் கேப்டோப்ரில். அமெரிக்காவில் 1981ல் அனுமதி பெற்றது. பயப்படாதீர்கள், மாத்திரைக்குள் பாம்பு விஷம் கிடையாது. விஷம் செய்யும் வேலையைப் பார்த்து, தொழிற்சாலையில் செய்த மருந்து அது.

அது வேலை செய்யும் விதத்தில்தான் சந்தேகமும் பிறந்தது. நம் உடம்பில், முக்கியமாக நுரையீரலின் இரத்தக் குழாய்களில், ஒரு நொதி இருக்கிறது. இரத்தக் குழாயைச் சுருக்குகிற ஒரு பொருளை அது உண்டாக்கும். குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும். மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, குழாய் தளர்கிறது, பிரஷர் இறங்குகிறது. ஆனால் அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகினின் என்ற பொருளை உடைத்துத் தள்ளுவது. நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகினின் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் சிலருக்கு இந்த மாத்திரை சாப்பிட்டால் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். தொண்டையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். நம்மைப் போன்ற ஆசியக்காரர்களுக்கு இது அதிகம். தேங்கும் பிராடிகினின் புற்று அணுக்கள் வளரத் துணை போகுமோ என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் ஐயம்.

2018ல் கனடாவின் மொன்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். பிரிட்டனில் 1995க்கும் 2015க்கும் இடையே பிரஷர் மருந்து தொடங்கிய 9 இலட்சத்து 92 ஆயிரம் பேரின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து, ‘ப்ரில்’ சாப்பிட்டவர்களையும் ‘சார்ட்டன்’ சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வயது, புகைப் பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு, ‘ப்ரில்’ சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 14 பங்கு கூடுதலாக இருந்தது. முதல் ஐந்து வருடம் வித்தியாசம் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 31 பங்கு.

இந்த ‘நூற்றுக்கு 14’ என்பதைத்தான் போனில் பெரிய எழுத்தில் போட்டு அனுப்புகிறார்கள். நூறு பேரில் 14 பேருக்கு கேன்சர் வரும் என்று அதற்கு அர்த்தமே இல்லை. மற்ற மாத்திரை சாப்பிட்ட பத்தாயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் சுமார் 12 பேருக்கு இந்த நோய் வந்தது. அந்த 12, ஏறக்குறைய 14 ஆகிறது. பத்தாயிரத்தில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் மாத்திரையால்தான் நோயாளி ஆனார்கள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இருமல் வந்தவரைத்தான் டாக்டர் எக்ஸ்ரே எடுக்க அனுப்புவார். எக்ஸ்ரே எடுத்தால் ஒளிந்திருந்த கட்டி முன்கூட்டியே அகப்படும். ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடித்தார் என்பதும் அந்தக் குறிப்புகளில் சரியாக இருக்காது.

2021ல் 33 மருத்துவச் சோதனைகளில் கலந்துகொண்ட சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேரின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிரஷர் மருந்துகள் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் நாலைந்து வருடச் சோதனைகள். பத்து வருடக் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்துகொண்டது. அதே 2018ல் வால்சார்ட்டன் மாத்திரைகள் சிலவற்றைப் பல நாடுகளில், மலேசியாவிலும், திரும்பப் பெற்றார்கள். தயாரிப்பின்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஓர் இரசாயன அசுத்தம் கலந்துவிட்டதே காரணம். குறை அந்தச் சரக்கில். அது வேறு கதை, வேறு வகை மாத்திரை.

இப்போது தராசின் அடுத்த தட்டைப் பாருங்கள். மேல் எண்ணை 10 மட்டும் இறக்கினால் போதும், பக்கவாதம் வருவது நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது. 2016ல் ஆறு இலட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்தவரை வைத்துப் பார்க்கும் குடும்பத்தின் பாடு என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஒருவரைப் பார்த்திருக்கிறோம்.

நுரையீரல் புற்றுநோய்க்குப் பயப்படுகிறவர் முதலில் பயப்பட வேண்டியது ரோக்கோவுக்கு. சிகரெட் பிடிப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, பிடிக்காதவரைப் போல 15 முதல் 30 மடங்கு. மடங்கு என்கிறேன், பங்கு அல்ல! மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே கையால் ரோக்கோ பற்றவைக்கும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கக் கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவி கிடைக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அப்படியானால் ‘ப்ரில்’ சாப்பிடுகிறவர் என்ன செய்வது? தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட ஆரம்பித்தவருக்கும், மாரடைப்பு வந்தவருக்கும் அந்த மாத்திரை இரட்டைப் பலன் தருவது. வறட்டு இருமல் தொல்லை கொடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். பத்து வருடத்துக்கு மேல் சாப்பிடுகிறவர், அதிலும் புகைப் பழக்கம் உள்ளவர், “எனக்கு வேற மாத்திரை சரிப்படுமா டாக்டர்?” என்று தாராளமாகக் கேட்கலாம். அது அதிகப் பிரசங்கித்தனம் இல்லை. உதடோ முகமோ நாக்கோ திடீரென்று வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு ‘ப்ரில்’லும் ஆகாது, ‘சார்ட்டன்’னும் ஆகாது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, சளியில் இரத்தம் தெரிகிறது, உடம்பு இளைக்கிறது என்றால் மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அந்த அம்மாவை மறுநாள் மகனோடு கிளினிக்குக்கு அனுப்பினோம். ஒரு வெள்ளி கட்டணம், காலையிலிருந்து நண்பகல் வரை காத்திருப்பு. டின்னில் இருந்தது பெரிண்டோப்ரில். அவருக்கு ஆறு மாதமாக இரவில் இருமல் இருந்ததாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டாக்டர் லோசார்ட்டனுக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் போன் போட்டேன். இருமல் நின்றுவிட்டது, பிரஷர் 140க்கு இறங்கிவிட்டது.

“இப்ப நல்லா தூங்குறேங்க ஐயா. ஆனா அவருதான் இன்னும் ரோக்கோவ விடல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.