காகிதச் சாசனங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

தென்காசி வீட்டை இடித்துக் கட்டுவதற்காக மச்சைக் காலி செய்தபோது, உன் தாத்தாவின் தகரப் பெட்டிகளில் கடிதங்களும் பழைய பத்திரிகைகளும் சங்க நோட்டீசுகளும் அகப்பட்டன என்றும், அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது என்றும் கேட்டு எழுதியிருந்தாய். இப்போதைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் பெயரை நீ அறிவாய். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் 1924-இல் தொடங்கிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும், பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாசம் செய்தபோது ராஜாஜியும் கல்கியும் இங்கே வந்து அவருடன் கம்பனை அனுபவித்த கதையும் பிரசித்தமானவை. ஆனால் அவருடைய ரசனை முழுவதும் வெளிப்பட்டது அவர் எழுதிய புத்தகங்களைக் காட்டிலும் அவருடைய சம்பாஷணையிலும் கடிதங்களிலுமே என்று நான் கருதுகிறேன். 1954 பிப்ரவரியில் அவர் காலமானபோது சம்பாஷணை அவரோடு போய்விட்டது. கடிதங்களோ, அவற்றைப் பெற்றவர்கள் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரே காரணத்தால், பின்னர் தொகுக்கப்பட்டு இன்று நாம் படிக்கும் நூலாயின. இதில் நீ கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இராது. பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். ஆகவே உன் தாத்தாவின் பெட்டியில் இருப்பது ஒரு சம்பாஷணையின் பாதிதான். மற்றப் பாதி கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ வேறொருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். நீ உன் பாதியை அழித்துவிட்டால், அந்தப் பாதியும் அர்த்தம் இழந்துவிடும்.

இந்த வேலையெல்லாம் சர்க்கார் ஆவணக் காப்பகம் செய்யாதா என்று நீ கேட்கலாம். செய்கிறது, ஆனால் அது அரசாங்கம் எதைக் கண்டு அஞ்சியதோ, எதில் வரி வசூலித்ததோ அதையே பெரும்பாலும் காத்து வந்திருக்கிறது. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதையும், அதைத் தொடர்ந்து நீலகண்ட பிரம்மச்சாரி முதலானோர் மீது நடந்த வழக்கையும் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி போலீசாரும் நீதிமன்றமும் எழுதி வைத்த பதிவுகளிலிருந்து வந்ததே. அந்த இளைஞர்கள் தம் நண்பர்களுக்கு எழுதியவற்றையெல்லாம் அச்சத்தினால் எத்தனை வீடுகள் அடுப்பிலிட்டனவோ! நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. தென்காசியோ சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் பழைய விவகாரங்களை ஆராய விரும்புகிறவர் எழும்பூர்க் காப்பகத்துக்கும் திருவனந்தபுரம் காப்பகத்துக்கும் தனித்தனியே யாத்திரை போக வேண்டியிருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான்.

பத்திரிகைகளின் கதி இன்னும் பரிதாபகரமானது. பிரிட்டிஷ் அரசாங்கம் தேசபாஷைப் பத்திரிகைகளைக் கண்காணிப்பதற்காக, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாராவாரம் ரகசிய அறிக்கைகளாக அச்சிட்டு வந்தது. மூலப் பிரதி கிடைக்காத எத்தனையோ தமிழ் இதழ்களின் குரலை இன்று அந்த அறிக்கைகளின் வழியாகத்தான் நாம் கேட்க முடிகிறது. தமிழில் எழுதப்பட்டதைத் தமிழர் வீடுகளில் தேடிக் காணாமல், கண்காணித்தவனின் ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

தமிழ்க் காகிதங்களை இப்படித் தொலைய விட்டதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேகரித்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோப் பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது.

இனி உன் பெட்டிகளுக்கு வருவோம். முதலில், காகிதங்கள் இருக்கும் வரிசையைக் குலைக்காதே. உன் தாத்தா எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு செய்தி. துருவேறிய குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் மெதுவாக நீக்கு. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதே; அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்து எழுத்தையும் கறைப்படுத்திவிடும். உறைகளை எறியாதே, தேதியில்லாத கடிதத்துக்குத் தபால் முத்திரையே தேதி. குறிப்பெழுத நேர்ந்தால் பென்சிலால், ஓரத்தில், இலேசாக எழுது. செய்தித்தாள் மரக்கூழில் செய்யப்படுவதால் வெளிச்சம் பட்டால் மஞ்சளித்து ஒடியும். ஆகவே பூஞ்சணம் பிடித்ததை நிழலில் காற்றாட வை, வெயிலில் காயப்போடாதே. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் நம் ஊர்ச் சுவர்களே ஈரம் கசிவதை நீ அறிவாய். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரமே காகிதத்தைத் தின்றுவிடும். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் எட்டாதபடி, தரையையும் சுவரையும் தொடாத பலகை மேல் வை. கைப்பேசியில் படம் எடுப்பது நல்லதுதான். எடுத்துவிட்டோம் என்று மூலத்தைக் கழித்துவிடாதே.

பீடித் தொழிலாளர் சங்கத்து நோட்டீசுகள் சில இருப்பதாகவும், அவை வெறும் சிவப்பு, மஞ்சள் தாள்கள் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தாய். பெட்டியில் அபூர்வமானவை அவையே என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தைக் காப்பவர் உண்டு. ஒரு நாள் கூட்டத்துக்கு அடித்த துண்டுத்தாளைக் காப்பவர் அரிது. அவற்றில் ஆண்டு இல்லையென்றால் அடியில் பார். அச்சுத்தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது விதித்திருந்ததால், அந்த வரியிலிருந்து அச்சகம் இயங்கிய காலத்தை விசாரித்து அறியலாம். கூலி எவ்வளவு கேட்டார்கள் என்ற தொகையும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும்.

அந்தக் கூட்டங்களுக்குப் போன பெண்கள் உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். நோட்டீசை அவர்களிடம் படித்துக் காட்டி, யார் பேசினார்கள், எந்த மைதானத்தில், கூலி உயர்ந்ததா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே தனித்தாளில் எழுதி, கேட்ட தேதியையும் குறித்து, அந்த நோட்டீசோடு சேர்த்து வை. ஆண்டு நினைவில்லை என்பார்கள். எந்தத் தேர்தலுக்கு முன், எந்தப் பிள்ளை பிறந்த பின் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்த வாரமே தொடங்கு.

இப்படிக்கு,
உன் மாமா,
குற்றாலம்.